கெக்கில் பீருக்குக் கேஸ் ஏற்ற எந்த முறை?

நொதித்து அடங்கிய பீரைக் கெக்குக்கு (அழுத்தம் தாங்கும் மூடிய உலோகக் கலம்) மாற்றியதும் வரும் கேள்வி, அதில் கேஸ் எப்படி ஏற்றுவது என்பது. புழக்கத்தில் ஐந்து வழிகள் உண்டு. பீரைக் கெக்கிலிருந்து ஊற்ற வைக்கும் அழுத்தத்திலேயே கேஸ் சிலிண்டரை இணைத்துவிட்டு ஒன்றிரண்டு வாரம் பொறுத்திருக்கலாம். முதல் நாள் மட்டும் அழுத்தத்தைக் கூட்டி வைக்கலாம். கெக்கைக் குலுக்கலாம். நுண்துளைக் கல் வழியாகக் கேஸை விடலாம். அல்லது ஈஸ்ட்டையே கேஸ் உண்டாக்க வைக்கலாம்.

ஐந்திலும் பீருக்குள் போவது அதே கார்பன் டை ஆக்சைடுதான். சிலிண்டர் கேஸ் என்றால் குமிழ் பெரிதாக வரும், சர்க்கரையில் உண்டான கேஸ் என்றால் மென்மையாக இருக்கும் என்று சொல்வார்கள். அதை நம்பி முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். கேஸ் எவ்வளவு கரைந்திருக்கிறது, பீரில் புரதம் எவ்வளவு, எப்படி ஊற்றுகிறோம், கிளாஸ் எவ்வளவு சுத்தம் என்பவைதான் நுரையையும் குமிழையும் தீர்மானிக்கின்றன.

எத்தனை நாளில் முடியும் என்று பார்த்தே பெரும்பாலோர் முறையை முடிவு செய்கிறார்கள். தவறினால் எந்தப் பக்கம் தவறும் என்று பார்ப்பதே முக்கியம் என்பது எங்கள் கருத்து. கேஸ் குறைந்த பீரை இன்னும் மூன்று நாள் விட்டுவைத்தால் சரியாகிவிடும். கேஸ் மிஞ்சிய பீர் கிளாஸ் முழுக்க நுரையாக வரும். அதைச் சரிசெய்ய ஒரு நாள் மெனக்கெட வேண்டும், கூடவே ஹாப் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) மணத்திலும் கொஞ்சம் போய்விடும்.

முதலில் அழுத்தமும் வெப்பநிலையும்

பீரில் கரைந்திருக்கும் கேஸை வால்யூம் கணக்கில் சொல்வது வழக்கம். ஒரு லிட்டர் பீரில் 1 வால்யூம் என்றால் சுமார் 1.96 கிராம் கார்பன் டை ஆக்சைடு. பிரிட்டிஷ் பிட்டர் வகைக்கு 1.5 முதல் 2 வால்யூம் போதும். பேல் ஏல், லாகர் போன்றவற்றுக்கு 2.4 முதல் 2.6 வரை. ஜெர்மன் கோதுமை பீருக்கு 3.3-க்கு மேல் போகும்.

ஒரே அழுத்தம் வெவ்வேறு வெப்பநிலையில் வெவ்வேறு அளவு கேஸைக் கரைக்கும். குளிர்ந்த பீர் அதிகம் பிடித்துக்கொள்ளும். 2.5 வால்யூம் வேண்டும் என்றால் 0 டிகிரியில் 8 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு), 4 டிகிரியில் 12, 10 டிகிரியில் 17.5, 20 டிகிரியில் 28 பிஎஸ்ஐ தேவை. சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்து அனுப்பும் ரெகுலேட்டரில் 12 வைத்துவிட்டு, கெக்கை 20 டிகிரி அறையில் விட்டால் எத்தனை மாதம் போனாலும் 1.5 வால்யூமைத் தாண்டாது. "இரண்டு வாரமாகியும் கேஸ் ஏறவில்லை" என்ற புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இதுதான். ஃப்ரிட்ஜின் திருகில் உள்ள எண்ணை நம்பாதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு, கெக்குக்குப் பக்கத்தில் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். 4 டிகிரி என்று நினைத்தது 8 ஆக இருந்தால், அதே 12 பிஎஸ்ஐயில் 2.5-க்குப் பதில் 2.2 வால்யூம்தான் கிடைக்கும்.

எந்த முறையானாலும் கெக்கின் மூடி இறுகி உட்கார வேண்டும். வழக்கமான 19 லிட்டர் கார்னி கெக்கின் நீள்வட்ட மூடியை மூடி வைத்திருப்பது பெரும்பாலும் உள்ளிருக்கும் அழுத்தமே. நிரப்பியதும் 30 பிஎஸ்ஐ கொடுத்து மூடியை உட்கார வைத்து, மூடியின் ஓரம், கேஸுக்கும் பீருக்குமான இணைப்பு முனைகளான இரண்டு போஸ்ட்டுகள், அழுத்தத்தைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வ் எல்லாவற்றிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். சிலிண்டரை மூடிவிட்டு அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பார்க்கும் சோதனை இந்தக் கட்டத்தில் ஏமாற்றும். கேஸ் ஏறாத பீர் கேஸை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், லீக் இல்லாத கெக்கிலும் முள் இறங்கத்தான் செய்யும்.

அடுத்து, பீருக்கு மேலே உள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். 30 பிஎஸ்ஐ ஏற்றி ரிலீஃப் வால்வைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் ஆக்சிஜன் மூன்றில் ஒரு பங்காகும். ஐந்து முறை செய்தால் 21 சதவீதம் 0.1 சதவீதத்துக்கும் கீழே போகும். பத்து முறை செய்தால் பத்து லட்சத்தில் சில பங்குதான் மிஞ்சும். ஹாப் நிறையப் போட்ட பீருக்குப் பத்து முறை செய்வது வீண்செலவு இல்லை. இன்னும் நல்ல வழி, காலிக் கெக்கை விளிம்பு வரை சானிடைசரால் நிரப்பி, அதைக் கேஸால் தள்ளி வெளியேற்றிவிட்டு, மூடியைத் திறக்காமலே பீர் போஸ்ட் வழியாக நிரப்புவது.

ஊற்றும் அழுத்தத்தில் வைத்துவிடுவது

கெக்கைக் குளிரவைத்து, 12 பிஎஸ்ஐயில் இணைத்து, சும்மா விடுவது. வேலை என்று எதுவும் கிடையாது. 4 டிகிரியில் ஒரு வாரத்தில் குடிக்கும்படி இருக்கும், 10 முதல் 14 நாளில் முழுதாக ஏறும். கார்னி கெக்கின் உள்விட்டம் சுமார் 21 சென்டிமீட்டர். 19 லிட்டர் பீரும் அந்தச் சிறு வட்டப் பரப்பு வழியாகத்தான் கேஸை உள்ளே இழுத்தாக வேண்டும். அதனால்தான் இத்தனை நாள்.

இந்த முறை மிஞ்சவே மிஞ்சாது. சமநிலை வந்ததும் தானே நின்றுவிடும். பீர் தெளிவதற்கும் பச்சை வாசனை அடங்குவதற்கும் எப்படியும் இரண்டு வாரக் குளிர் தேவைப்படும் என்பதால், லாகரிலும் வலுவான ஏல்களிலும் இந்தக் காத்திருப்பு கூடுதல் செலவே இல்லை. நஷ்டம் ஒன்றுதான்: இரண்டு வாரமும் சிலிண்டர் திறந்தே இருப்பதால், ஊசிமுனை அளவு லீக் இருந்தாலும் சிலிண்டர் காலியாகிவிடும். சிலிண்டர் பக்க மானியை நம்பியும் பயனில்லை. உள்ளே திரவ நிலையில் கார்பன் டை ஆக்சைடு இருக்கும்வரை, அறை வெப்பத்தில் அது 800 பிஎஸ்ஐ சுற்றிலேயே நிற்கும். அது இறங்கத் தொடங்கும்போது திரவம் தீர்ந்துவிட்டது என்று பொருள். எவ்வளவு மிச்சம் என்று தெரிய சிலிண்டரை எடை போடுவதுதான் வழி.

முதல் நாள் மட்டும் 30 பிஎஸ்ஐ

அவசரமும் நிதானமும் ஓரளவு ஒத்துப்போகும் வழி இது. ஏற்கெனவே 2 முதல் 4 டிகிரிக்குக் குளிர்ந்த கெக்கில் 30 பிஎஸ்ஐ வைத்து 24 மணி நேரம் விடுங்கள். பிறகு கேஸ் கனெக்டரைக் கழற்றி, ரிலீஃப் வால்வைத் திறந்து மேலே உள்ள அழுத்தத்தை வெளியேற்றி, ரெகுலேட்டரை 12-க்கு இறக்கி, மீண்டும் இணையுங்கள். இன்னும் இரண்டு மூன்று நாளில் மீதி ஏறிவிடும். ஆக நான்கு நாள்.

இந்த வரிசையை மாற்றாதீர்கள். கெக்கில் 30 இருக்கும்போதே ரெகுலேட்டரை 12-க்கு இறக்கினால், கெக்கில் உள்ள அழுத்தம் பின்னோக்கித் தள்ளும். கெக் விளிம்பு வரை நிறைந்திருந்தால் பீரும் ஹோஸில் ஏறி ரெகுலேட்டருக்குள் போகும். அங்கே சர்க்கரைப் பிசுக்கு காய்ந்தால் டயஃப்ரம் ஒட்டிக்கொள்ளும், அதற்குப் பிறகு காட்டும் எண் எதுவும் நம்பத் தக்கதல்ல. கேஸ் வழியில் ஒரு ஒருவழி வால்வ் போட்டுக்கொள்வது நல்ல செலவு.

ஆபத்து எங்கே என்றால், 4 டிகிரியில் 30 பிஎஸ்ஐயின் சமநிலை 4 வால்யூமுக்கும் மேலே இருக்கிறது. சரியான இடத்தில் நிறுத்துவது உங்கள் கடிகாரம் மட்டுமே. 36 மணி நேரம் விடலாம் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். ஆனால் அந்த எண் எல்லாக் கெக்குக்கும் பொருந்தாது. அறை வெப்பத்தில் இருந்த கெக்கை ஃப்ரிட்ஜில் வைத்த நிமிடமே 30 கொடுத்தால், முதல் நாளில் பெரும்பகுதி பீர் குளிர்வதிலேயே போய்விடும், அதனால் 36 மணி நேரத்திலும் குறைவாகவே ஏறும். அதே நேரத்தைக் குளிர்ந்த 9.5 லிட்டர் கெக்குக்குக் கொடுத்தால் மிஞ்சிவிடும். சின்னக் கெக்குகள் பெரும்பாலும் அதே விட்டத்தில் பாதி உயரம் கொண்டவை, மேற்பரப்பு மாறாமல் பீர் மட்டும் பாதி. அவற்றுக்கு 12 மணி நேரம் போதும். எங்கள் ஆலோசனை: குளிர்ந்த பிறகே கடிகாரத்தைத் தொடங்குங்கள், 24 மணி நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிறுத்துங்கள். குறைவது பரவாயில்லை, மீதியை 12 பிஎஸ்ஐ பார்த்துக்கொள்ளும்.

குலுக்குவது

குலுக்கினால் கேஸும் பீரும் சந்திக்கும் பரப்பு பல மடங்காகும், நாட்கள் நிமிடங்களாகச் சுருங்கும். இதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் ஒன்றாகப் பேசக் கூடாது. 12 பிஎஸ்ஐயில் இணைத்து வைத்துக் குலுக்குவது பாதுகாப்பானது, எவ்வளவு குலுக்கினாலும் மிஞ்சாது. 30 பிஎஸ்ஐயில் குலுக்குவது, இரண்டு நிமிடக் கவனக்குறைவில் கெக்கையே கெடுத்துவிடும்.

பீர் நன்றாகக் குளிர்ந்து, காற்று முழுவதும் வெளியேறிய பிறகே தொடங்க வேண்டும். இந்த முறையில் அதில் சமரசமே கூடாது. மேலே மிஞ்சிய ஆக்சிஜனையும் நீங்கள் அடித்துக் கலக்கப்போகிறீர்கள். கெக்கைத் தரையில் கிடத்தி, கேஸ் போஸ்ட் மேல்பக்கம் வரும்படி திருப்பி, 12 பிஎஸ்ஐயில் முன்னும் பின்னும் உருட்டுங்கள். முதலில் ரெகுலேட்டரில் கேஸ் 'உஸ்' என்று தொடர்ந்து ஓடும் சத்தம் கேட்கும். சில நிமிடங்களில் அது விட்டுவிட்டுக் கேட்கும், பிறகு உருட்டும்போது மட்டும் லேசாகக் கேட்கும். சத்தம் முழுக்க நின்றால் அந்த வெப்பநிலைக்கு ஏற்றதை பீர் பிடித்துவிட்டது. 15 முதல் 30 நிமிடம் ஆகலாம்.

அழுத்தத்தைக் கூட்டித்தான் குலுக்குவேன் என்றால் எடைக் கணக்கு வைத்துச் செய்யுங்கள். 20 டிகிரியில் நொதித்து முடிந்த பீரில் ஏற்கெனவே சுமார் 0.8 வால்யூம் இருக்கும். 2.5 வேண்டும் என்றால் 19 லிட்டருக்கு இன்னும் 63 கிராம் கேஸ் போக வேண்டும். குலுக்குவதற்கு முன்பே மேலே உள்ள இடத்தை 30 பிஎஸ்ஐக்கு நிரப்பிவிட்டு, சிலிண்டரை மூடி, ஹோஸைக் கழற்றி எடை பாருங்கள். மீண்டும் இணைத்து, இரண்டு நிமிடம் குலுக்கி மறுபடி எடை பாருங்கள். 50 கிராம் குறைந்ததும் நிறுத்திவிட்டு, மீதியை 12 பிஎஸ்ஐயில் ஓர் இரவு விட்டால் போதும். 5 கிராம் வித்தியாசத்தைக் காட்டும், சிலிண்டரைத் தாங்கும் தராசு இருந்தால் மணிக்கணக்கை விட இது மிக நம்பகமானது.

குலுக்கிய பீரை அன்றே குடித்தால் ஏமாற்றம்தான். அடியில் படிந்த ஈஸ்ட்டும் ஹாப் துகளும் கலங்கி மேலே வந்திருக்கும், நாக்கில் கூர்மையான புளிப்புக் கடி இருக்கும், நுரை நிற்காது. குறைந்தது ஒரு நாள் அசையாமல் நின்றால் நன்றாக இருக்கும். அப்படிப் பார்த்தால், தெளிவாக வரவேண்டிய பீருக்கு இந்த முறையால் மிச்சமாவது அதிகமில்லை. கலங்கலாகவே குடிக்கும் கோதுமை பீருக்கும் நியூ இங்கிலாந்து ஐபிஏவுக்கும் இது பொருந்தும்.

கார்பனேஷன் கல்

0.5 மைக்ரான் துளைகள் உள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கல்லை, மூடியிலிருந்து இறங்கும் குழாயின் நுனியில் மாட்டிக் கெக்கின் அடியில் வைப்பது. கேஸ் நுண்குமிழாக பீர் முழுவதையும் கடந்து வரும். கல்லின் துளைகளில் உள்ள திரவத்தைத் தள்ளிவிட்டுக் கேஸ் வெளியே வரவே கொஞ்சம் அழுத்தம் செலவாகும். கல்லைத் தண்ணீர் ஜாடியில் அமிழ்த்தி, அழுத்தத்தை மெல்ல ஏற்றி, முதல் குமிழ் எந்த எண்ணில் வருகிறது என்று பாருங்கள். 3 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்வோம். அதோடு அரை மீட்டர் பீரின் எடைக்கு 0.7 பிஎஸ்ஐ. இவற்றை முன்பு சொன்ன 12-உடன் கூட்டினால், 4 டிகிரியில் 2.5 வால்யூமுக்கு ரெகுலேட்டரில் 16 வரும்.

5 பிஎஸ்ஐயில் தொடங்கி மணிக்கு 2 பிஎஸ்ஐ வீதம் ஏற்றினால் அரை நாளில் வேலை முடியும். எடுத்த எடுப்பில் முழு அழுத்தம் கொடுத்தால் பெரிய குமிழ்கள் கரையாமலே மேலே போய் நுரையாக நிற்கும். கல்லை வெறுங்கையால் தொட்டால் கையின் எண்ணெய்ப் பசை துளையை அடைக்கும். ஒவ்வொரு கெக்குக்குப் பிறகும் கொதிநீரில் போட்டு, கேஸ் ஊதி உலர்த்த வேண்டும். மாதம் இரண்டு மூன்று கெக் போடுகிறவருக்குத்தான் இந்தப் பராமரிப்பு கட்டுப்படியாகும்.

ஈஸ்ட்டிடம் விடுவது

ஃப்ரிட்ஜில் இடமில்லாதவருக்கும், பெரிய சிலிண்டர் இல்லாதவருக்கும் இதுவே முதல் தேர்வு. 16 கிராம் சிறு குப்பிகளால் ஊற்றுகிறவர் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். கேஸ் ஏற்ற மட்டும் நான்கு குப்பி, ஊற்றி முடிக்க இன்னும் நான்கைந்து. முதல் பாதியைச் சர்க்கரையிடம் விட்டுவிடலாம்.

ஒரு கிராம் சாதாரணச் சர்க்கரை சுமார் அரை கிராம் கேஸ் தரும். 19 லிட்டர் பீரை 0.8-லிருந்து 2.5 வால்யூமுக்குக் கொண்டுபோக 120 கிராம் வேண்டும். முழுவதையும் போடாதீர்கள். 100 கிராமைக் கால் லிட்டர் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றிக் கெக்கில் ஊற்றினால் 2.2 வால்யூம் கிடைக்கும். மீதியை ஊற்றும்போது இணைக்கும் கேஸே நிரப்பிவிடும். பாட்டிலில் செய்ய முடியாத இந்தத் திருத்தம்தான் கெக்கின் வசதி. மூடியை 30 பிஎஸ்ஐயில் உட்காரவைக்காமல் விட்டால் ஈஸ்ட் உண்டாக்கும் கேஸ் ஓரமாகவே கசிந்துபோகும், மூன்று வாரம் கழித்துச் சப்பென்ற பீரும் தீர்ந்துபோன சர்க்கரையும்தான் மிஞ்சும்.

கேஸ் போஸ்ட்டில் மாட்டும் சிறு மானி ஒன்று வாங்கிக்கொண்டால் ஊகிக்கவே வேண்டாம். 20 டிகிரியில் வைத்த கெக்கில் மானி 23 பிஎஸ்ஐ சுற்றி வந்து இரண்டு மூன்று நாள் அசையாமல் நின்றால் 2.2 வால்யூம் ஆகிவிட்டது. இரண்டு வாரம் பிடிக்கும், வலுவான பீருக்கு மூன்று. பிறகு குளிரவைத்து முதல் அரை லிட்டரைக் கொட்டிவிடுங்கள், ஈஸ்ட் படிவு அதில்தான் வரும். படிவைத் தொடாமலிருக்க, கெக்கின் அடியிலிருந்து பீரை மேலே கொண்டுவரும் டிப் டியூபை வெட்டுவதை விட மிதக்கும் டிப் டியூப் நல்லது.

சர்க்கரை கூடச் சேர்க்காமல், நொதித்தல் முடியும் தறுவாயிலேயே மூடிவிடுவது இதன் அடுத்த படி. ஸ்பண்டிங் வால்வ் என்ற சரிசெய்யக்கூடிய அழுத்த வால்வை மாட்டி, இறுதி கிராவிட்டிக்கு (நொதித்தல் முடிந்த பீரின் அடர்த்தி) நான்கைந்து புள்ளி மேலே இருக்கும்போது மூட வேண்டும். ஒரு புள்ளி, அதாவது 0.001, குறையும்போது சுமார் 0.5 வால்யூம் கேஸ் உண்டாகும். வால்வை 20 டிகிரியில் 28 பிஎஸ்ஐக்கு, 10 டிகிரி லாகர் என்றால் 17.5-க்கு வைத்தால் மிச்சம் தானே வெளியேறும். கடைசி நிமிடம் வரை ஈஸ்ட் உயிரோடு இருந்து உள்ளே வரும் ஆக்சிஜனை உண்டுவிடுவதால், ஹாப் மணத்தைக் காப்பதில் இதற்கு இணை கிடையாது. எங்களைக் கேட்டால், அனுபவப்பட்டவருக்கு ஐந்திலும் இதுவே சிறந்தது.

ஆனால் இறுதி கிராவிட்டி எது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நொதித்தல் தொடங்கும் நாளில் 200 மில்லி எடுத்து, அதிக ஈஸ்ட் போட்டு, வெதுவெதுப்பான இடத்தில் அவ்வப்போது ஆட்டி வைத்தால் இரண்டு மூன்று நாளில் அது தெரிந்துவிடும். மூடத் தாமதித்தால் கேஸ் போதாது. சீக்கிரம் மூடினால் பொங்கும் நுரை வால்வில் ஏறி அடைத்துக்கொள்ளும். அடைத்த வால்வ் ஆபத்தானது. கார்னி கெக் 130 பிஎஸ்ஐ வரை தாங்கும், பிளாஸ்டிக் நொதிகலன்கள் பல 35 பிஎஸ்ஐதான் தாங்கும். கலத்தில் அச்சிட்ட எண்ணைப் பார்க்காமல் இதில் இறங்க வேண்டாம், தனியாக ஒரு ரிலீஃப் வால்வ் இல்லாமலும் வேண்டாம்.

யாருக்கு எது

முதல் கெக் போடுகிறவர் 12 பிஎஸ்ஐயில் வைத்துக் காத்திருக்கட்டும். ஊற்றும் குழாய், ஓ-ரிங், ஃப்ரிட்ஜ் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று அப்போதுதான் பிரித்தறிய முடியும். வார இறுதிக்கு வேண்டும், இன்று திங்கள் என்றால் 24 மணி நேர முறை. நாளை மாலையே வேண்டும் என்றால் 12 பிஎஸ்ஐயில் குலுக்குங்கள், 30-ல் வேண்டாம். குளிர்ந்த இடமே இல்லை என்றால் சர்க்கரை.

கேஸைக் குறை சொல்லும் முன் குழாயையும் பாருங்கள். நாக்கில் சப்பென்று இருந்து, கிளாஸில் மட்டும் நுரை பொங்கினால், கரைந்த கேஸ் ஊற்றும்போதே பிரிந்துபோகிறது. 12 பிஎஸ்ஐக்கு, 4.8 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஹோஸ் 3 மீட்டராவது வேண்டும். முதல் கிளாஸ் மட்டும் பொங்கினால் டேப் சூடாக இருக்கிறது. கெக்கின் பீர் போஸ்ட்டிலிருந்தே ஹோஸில் குமிழ் வரிசையாக ஏறினால், டிப் டியூப் கழுத்திலுள்ள ஓ-ரிங் வெட்டுப்பட்டிருக்கிறது.

உண்மையிலேயே மிஞ்சிவிட்டது என்றால் கேஸைக் கழற்றி, ரிலீஃப் வால்வைத் திறந்து அழுத்தத்தை விட்டு, மூடி, கெக்கை ஒருமுறை மெல்ல ஆட்டி, அரை மணி நேரம் கழித்து மானியைப் பாருங்கள். 4 டிகிரியில் அது 12-க்கு மேல் காட்டினால் மறுபடி விடுங்கள். வால்விலிருந்து நுரை எட்டிப் பார்த்தால் உடனே மூடி அடங்கவிடுங்கள். மேலே திறக்கும் பெட்டி ஃப்ரிட்ஜில் இதைச் செய்தால், காற்றை விடக் கனமான கார்பன் டை ஆக்சைடு உள்ளேயே தேங்கி நிற்கும், தலையை விட்டுக் குனியும் முன் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். மானி 12-ல் நிலைத்த பிறகு சிலிண்டரை இணைக்கலாம்.